வெற்றிலைச் செல்லத்துக்குள் ஒரு கிட்டார் டெஸ்ட் பாக்ஸ்: சில வருடங்கள் புழங்கிய பிறகு

கிட்டார் பெடல்களை (கிட்டார் ஒலியை மாற்றும் மிதிபெட்டிகளை) வீட்டிலேயே பற்றவைத்துப் பார்க்கிறவர்களுக்கு டெஸ்ட் பாக்ஸ் பெரிய சங்கதி இல்லை. கிட்டாருக்கு ஒரு ஜாக், ஆம்ப்புக்கு ஒரு ஜாக், 9 வோல்ட் சப்ளை, போர்டைத் தவிர்த்து கிட்டாரை நேராக ஆம்ப்புக்கு விட, காலால் மிதிக்கும் பைபாஸ் ஸ்விட்ச். உள்ளேயிருந்து முனையில் முதலைக் கிளிப் மாட்டிய நான்கு ஒயர்கள் வெளியே வரும்: இன், அவுட், பிளஸ், கிரவுண்ட். சோதிக்க வேண்டிய போர்டை இந்த நான்கும் கவ்விக்கொண்டால் வேலை தொடங்கிவிடலாம்.

எல்லோரும் அலுமினியப் பெட்டி வாங்குவார்கள். நான் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடை ஒன்றில் பேரம் பேசி எடுத்த பித்தளை வெற்றிலைச் செல்லத்தில் கட்டினேன். (எங்கள் ஆச்சிக்கு இது இன்னும் ஆறவில்லை.) அழகுக்காக மட்டும் இல்லை. உலோகப் பெட்டி வெளி இரைச்சலைத் தடுக்கும். ஜாக்கை முடுக்கியதுமே பெட்டி முழுக்க கிரவுண்ட் ஆகிவிடும். தொல்லை துளை போடுவதில்தான். மெல்லிய பித்தளைத் தகட்டை சாதா டிரில் பிட் கவ்வி இழுத்துக் கிழித்துவிடும் என்பதால், 12 மில்லிமீட்டர் ஸ்விட்ச் துளையை லேத் பட்டறையில் கொடுத்துப் போட்டு வாங்கினேன். பாக்குத் தட்டில் ரப்பர் ஷீட் விரித்தால் போர்டை வைக்க மேசை ரெடி. ஷீட் இல்லாவிட்டால் பித்தளையில் பட்டு ஷார்ட் ஆகும்.

இத்தனை நாள் புழங்கியதில் என் கணிப்பு இது: பாக்ஸின் உயிர் ஸ்விட்சிலும் இல்லை, எல்.இ.டி.யிலும் இல்லை, புரோபில் இருக்கிறது. புரோப் என்றால் பழைய மல்டிமீட்டர் ஊசி ஒன்று, அதற்கும் அவுட் ஜாக்குக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். அது டி.சி.யை நிறுத்திவிட்டு ஒலியை மட்டும் ஆம்ப்புக்கு விடும். சர்க்யூட்டின் எந்த இடத்தைத் தொட்டாலும் அங்கே ஓடும் ஒலி கேட்கும்.

திருவிழாக் கச்சேரிகளில் வாசிக்கும் தம்பி ஒருவர் பிக் மஃப் வகை ஃபஸ் (ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல்) போர்டு ஒன்றைக் கொண்டுவந்தார். நான்கு டிரான்சிஸ்டர், சத்தமே இல்லை. முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டரில், அதாவது ஒலி வெளியே வரும் காலில், ஊசியை வைத்தேன், கிட்டார் நன்றாகக் கேட்டது. சஸ்டெய்ன் கண்ட்ரோலின் நடுக்காலிலும் கேட்டது. இரண்டாவது டிரான்சிஸ்டரின் பேஸ், அதாவது ஒலி உள்ளே போகும் கால் பக்கம் போனால் மௌனம். அப்புறம் என்ன, நடுவில் இருந்த கெபாசிட்டரின் ஒரு காலில் ஈயம் உருண்டையாக நின்றதே தவிரப் பிடிக்கவில்லை. மறுபடி சூடு காட்டியதும் போர்டு அலறியது. மீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு தேடியிருந்தால் அன்று மாலை அதிலேயே போயிருக்கும். டிரான்சிஸ்டர் வோல்டேஜ் எல்லாம் சரியாகத்தானே இருந்தன!

ஊசியை எடுத்து வைக்கும்போது 'டப்' என்று அடிக்கும். ஆம்ப் வால்யூமைக் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள்.

சப்ளை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம் ஊர்ப் பழைய வீடுகள் பலவற்றில் எர்த் சரியாக இருக்காது. கரண்ட் போய், ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் ஓட ஆரம்பித்தால் கேட்கவே வேண்டாம், ஃபஸ்ஸைவிட இன்வெர்ட்டர்தான் அதிகம் பாடும். அதனால் அடாப்டர் ஜாக் இருந்தாலும் நான் 9 வோல்ட் பேட்டரியில்தான் சோதிக்கிறேன். அடாப்டர் வழியில் 1N5817 டையோடு ஒன்று தொடராக உட்கார்ந்திருக்கிறது. யாராவது தலைகீழாக, பிளஸ் நடுவில் உள்ள அடாப்டரைச் செருகினாலும் சர்க்யூட் தப்பிக்கும், சாதா 1N4001 அளவுக்கு வோல்டேஜையும் தின்னாது. பாசிட்டிவ் கிரவுண்ட் (பேட்டரியின் பிளஸ் முனையே கிரவுண்டாக இருக்கும்) ஜெர்மானியம் ஃபஸ் வந்தால் அதற்குத் தனி பேட்டரிதான்.

முதலில் சோர்ந்தது முதலைக் கிளிப்புகள். ஸ்பிரிங் தளர்ந்து, உள்ளே ஒயர் அறுந்து, போர்டில் கோளாறா கிளிப்பில் கோளாறா என்று தெரியாமல் போகும். இப்போதெல்லாம் சும்மா தொங்கும் ஒயரை ஆட்டிப் பார்த்த பிறகே ஊசியை எடுக்கிறேன். ஸ்பீக்கர் பெட்டிகளின் பின்னால் சிவப்பு, கறுப்பில் இருக்குமே, அந்த அமுக்கு டெர்மினல் இரண்டு ஜோடி சென்னை ரிச்சி தெருவிலிருந்து வந்திருக்கிறது. சுண்ணாம்பு டப்பி இருந்த மூலையில் அது சரியாக உட்காரும் என்று நினைக்கிறேன்.