ஆயுள் அனுபவமா, வாரிசுப் பங்கா, கூட்டுப் பெயரா?

கணவர் இறந்தபின் நிலத்தில் மனைவிக்கு என்ன மிஞ்சும்? நாட்டுக்கு நாடு சட்டம் வேறு என்றாலும், பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் வந்து நிற்கும்.

ஆயுள் அனுபவம் மிகப் பழையது. 'உயிருள்ளவரை அனுபவித்துக்கொள்ள வேண்டியது, விற்கவோ அடமானம் வைக்கவோ அதிகாரமில்லை' என்று உயிலில் எழுதுவார்களே, அதேதான். இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டம் விதவைக்கு மூன்றில் ஒரு பங்கை ஆயுள்வரை கொடுத்தது. இந்தியாவில் 1937 சட்டமும் இந்து விதவைக்கு இப்படிக் குறைபட்ட உரிமையைத்தான் தந்தது. கென்யாவின் 1972 வாரிசுரிமைச் சட்டம் இயற்றப்பட்டபோது, மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும் என்றிருந்தது. விளைச்சல் கிடைக்கும், கடன் கிடைக்காது. வெளிப்படையாகச் சொன்னால், மகன்களின் சொத்துக்கு அம்மா காவல்.

அடுத்தது முழு வாரிசுப் பங்கு. இந்தியாவில் 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 14(1), குறைபட்ட உரிமையை முழு உரிமையாக்கியது. ஆனால் 14(2) என்று ஒரு கதவும் திறந்திருக்கிறது: உயிலிலேயே கட்டுப்பாடு எழுதியிருந்தால் அது செல்லும். ஜீவனாம்சத்துக்குப் பதிலாகத் தந்த சொத்து என்றால் அந்தக் கட்டுப்பாடு நிற்காது என்று 1977-ல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்குப் போட்டு அதுவரை போக எத்தனை பேரால் முடியும்? அதோடு, பங்கு சட்டத்தில் இருந்தாலும் 'அண்ணன் தம்பியோடு பகை எதற்கு' என்று பெண்களிடம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுவதும் நடக்கிறது.

மூன்றாவது, கணவர் உயிரோடு இருக்கும்போதே இருவர் பெயரிலும் பத்திரம். எத்தியோப்பியாவின் அம்ஹாரா பகுதியில் நிலச் சான்றிதழில் கணவன், மனைவி இருவர் படமும் ஒட்டப்பட்டது. அதற்கு முன்பே சான்றிதழ் தரத் தொடங்கிய இன்னொரு பகுதியான திக்ரேயில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கணவர் சுயமாகச் சம்பாதித்த நாலு ஏக்கர், உயில் இல்லை. மனைவி, இரண்டு மகன், ஒரு மகள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆளுக்கு ஒரு ஏக்கர். மாமியார் இருந்தால் நாலு ஏக்கரும் ஐந்து பங்காகும். அதே நிலம் சரிபாதியாக இருவர் பெயரில் இருந்திருந்தால்? தன் இரண்டு ஏக்கர் அப்படியே நிற்கும், கணவர் பாதியில் அரை ஏக்கர் சேரும். ஆக இரண்டரை. 'இருப்பவருக்கே முழுவதும்' என்று பத்திரத்தில் எழுதியிருந்தால் நாலும் அவருக்கே.

என் ஓட்டு கூட்டுப் பெயருக்குத்தான். ஆனால் கணவர் வழியில் வந்த பூர்வீக நிலத்தில் மனைவி பெயரை ஏற்ற அவர் மனது வைக்க வேண்டும். திருமணத்துக்குப் பதிவு இல்லையென்றால் அதுவும் சிக்கல். ருவாண்டாவில் 1999 சட்டம் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு தந்தது. சட்டப்படி பதியாமல் சேர்ந்து வாழ்ந்த பெண்களை மட்டும் வெளியே நிறுத்திவிட்டது.