ஆமைக்கு ஓடு ஒட்டித் தர்றோம்னு வீட்டுக்கு வர்றவங்களை நம்பாதீங்க: 23,500 ரூபாயும் போச்சு, எங்க முத்துவும் போச்சு

எங்க ஆமை முத்து போய் இன்னைக்கு மூணாவது நாள். கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடணும்னு உட்கார்ந்திருக்கேன். ஆறிடுச்சுன்னா நானும் "சரி, விதி"ன்னு விட்டுடுவேன், அந்த ஆள் அடுத்த வீட்டு வாசல்ல போய் நிப்பான். எங்ககிட்ட வாங்கினது 23,500 ரூபாய். ஆமை வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிங்க. அடிபட்டா என்ன செய்யணும்னு எனக்குத் தெரிஞ்சதைக் கடைசியில சொல்றேன்.

அந்த ஆளை அனுப்பின ஆப் பேரை இங்க போடலை. புகார் கொடுத்திருக்கோம், முடியுற வரைக்கும் பேர் எழுத வேண்டாம்னு வக்கீலா இருக்கிற நண்பர் ஒருத்தர் சொன்னார். வீட்டுக்கே ஆள் அனுப்பி நாயைக் குளிப்பாட்டி, முடி வெட்டி, டாக்டரையும் அனுப்புற வகை ஆப்னு மட்டும் தெரிஞ்சுக்கோங்க.

முத்து, காது பக்கம் சிவப்புக் கோடு இருக்குமே, அந்த அமெரிக்க ஆமை. பையன் மூணாங்கிளாஸ் படிக்கும்போது கொளத்தூர் மீன் கடையில வாங்கினது. அப்போ பத்து ரூபாய் காசு அளவுதான் இருந்தது. இப்போ அவன் ப்ளஸ் டூ, முத்து என் ரெண்டு கை நிறைய. நான் கிச்சன்ல பாத்திரம் தட்டினா தொட்டியோட இந்தக் கோடிக்கு நீந்தி வந்து கழுத்தை நீட்டும். காலையில அரை மணி நேரம் போர்டிகோவில வெயில் காய விடுவோம்.

போன ஞாயிறு காலையில அங்கதான் இருந்தது. என் வீட்டுக்காரர் காய்கறி வாங்கக் கிளம்பி காரை ரிவர்ஸ் எடுத்தார். நான் முத்துவைத் தூக்கிட்டேன்னு அவர் நினைச்சார், அவர் பார்த்துப்பார்னு நான் நினைச்சேன். கொட்டாங்குச்சி உடையுற மாதிரி ஒரு சத்தம். டயர் முழுசா ஏறலை, ஓரம்தான். ஆனா முதுகு ஓடு குறுக்கால பிளந்து, ஒரு துண்டு உள்ள அமுங்கிப் போயிருந்தது. ரத்தம். அதோட சின்னச் சின்னதா நுரை. அந்த நுரைக்கு என்ன அர்த்தம்னு அப்போ எனக்குத் தெரியாது.

பக்கத்துல இருக்கிற ரெண்டு கிளினிக்குக்குப் போன் போட்டோம். ஒண்ணு ஞாயிறு லீவு. இன்னொருத்தர் நேர்மையா, "நான் நாய், பூனைதாம்மா பார்க்கிறேன், ஆமை எனக்குப் பழக்கமில்லை, வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க"ன்னு சொன்னார். அவர் சொன்னதைக் கேட்டிருந்தா இந்தப் பதிவே இல்லை.

என் வீட்டுக்காரர் போர்டிகோ படியில தலையைப் பிடிச்சுட்டு உட்கார்ந்துட்டார். பையன் போன்ல தேடித் தேடி இந்த ஆப்பைக் கண்டுபிடிச்சான். "ஆமை, கிளி, முயலுக்குத் தனி நிபுணர்"னு போட்டிருந்தது. வீடியோ காலுக்கு 1,500. கட்டினோம். ரெண்டே நிமிஷத்துல ஒரு ஆள் திரையில வந்தான். நீலச் சட்டை, கழுத்துல ஸ்டெதஸ்கோப்.

அவன் முதல்ல கேட்டது என்ன தெரியுமா? "பேர் என்னம்மா?" என் பேரைத்தான் கேக்கிறான்னு நினைச்சேன். "உங்க பேர் இல்லம்மா, குழந்தை பேரு." முத்துன்னு சொன்னேன். "முத்துவை நான் பார்த்துக்கிறேன். அழாதீங்க. இதைவிட மோசமா நூறு கேஸ் பார்த்திருக்கேன். ஓடு நம்ம நகம் மாதிரிதான், வலிக்காது. ஒட்டிட்டா ஒரு மாசத்துல பழையபடி நடக்கும்."

அந்த இடத்துலதான் நான் விழுந்தேன். காலையில இருந்து அந்த நிமிஷம் வரைக்கும் யாரும் அதோட பேரைக் கேக்கலை.

வேப்பேரி போகலாமான்னு அவர் கேட்டார். அதுக்கு அவன் குரலைத் தாழ்த்தி, "சார், அங்க போனா ஆமை ஏது, யாருகிட்ட வாங்கினீங்கன்னு கேப்பாங்க, வனத்துறைக்குப் போன் போயிடும், பையனுக்கு வேற பரீட்சை நேரம்"னான். நாங்க பயந்துட்டோம். இப்போ விசாரிச்சதுல தெரியுது: வளர்க்கக் கூடாதுன்னு 1972 வனவிலங்குச் சட்டம் சொல்றது நட்சத்திர ஆமை மாதிரி நம்ம ஊர்க் காட்டு ஆமைங்களை. முத்து அந்த வகையே இல்லை. அடிபட்ட ஜீவனைத் தூக்கிட்டு வர்றவங்களை வேப்பேரியில யாரும் குற்றவாளியா நடத்தவும் இல்லை. எங்க பயத்தை வச்சே எங்களை வீட்டுல உட்கார வச்சுட்டான்.

முன்பணம் 5,000. மூணு மணி நேரம் கழிச்சு வந்தான். ஒரு பை, கையுறை, அவ்வளவுதான். எக்ஸ்ரே எடுக்க வேண்டாமான்னு கேட்டேன். "ஓடு மறைக்கும்மா, ஆமைக்கு எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியாது"ன்னான். காயத்தை உப்புத் தண்ணி விட்டு அலசக்கூட இல்லை, பஞ்சால மேலாக்க ஒத்தி எடுத்தான். அப்புறம் ரெண்டு டியூபைப் பிதுக்கிக் கலந்து, வலைத்துணி ஒண்ணு வச்சு, அப்பி மூடினான். வீடு முழுக்க வாடை. பைப் ஒழுகினா அடைக்க அவர் ஹார்டுவேர் கடையில வாங்குவாரே, அதே வாடை. மனசுக்குள்ள சுருக்குன்னுச்சு. ஆனா வாயைத் திறக்கலை. டாக்டருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுதுன்னு இருந்துட்டேன்.

லேபிள் இல்லாத சிரிஞ்சில ஒரு ஊசி. என்ன மருந்துன்னு கேட்டதுக்கு "சத்து ஊசி". ரெண்டு நாள் கழிச்சு தண்ணியில விடச் சொன்னான். மீதி 17,000-ஐ அவன் நம்பருக்கே அனுப்பச் சொன்னான். பில் கேட்டோம், ஆப்ல வரும்னான். இன்னைக்கு வரைக்கும் வரலை. 1,500, 5,000, 17,000. மொத்தம் 23,500.

செவ்வாய்க்கிழமை சொன்னபடி தண்ணியில விட்டேன். முத்து ஒரு பக்கமா சாய்ஞ்சு மிதந்தது. ஒட்டின இடத்து ஓரத்துல இருந்து குமிழ் குமிழா காத்து வந்தது. பின்னங்கால் ரெண்டும் சும்மா தொங்கிட்டு இருந்தது. வீடியோ எடுத்து அனுப்பினேன். "ஒட்டினது செட் ஆகுது, பயப்படாதீங்க"ன்னு பதில். புதன்கிழமை நாத்தம் ஆரம்பிச்சுது. சாப்பிடலைன்னு சொன்னா, "ஆமை ஒரு மாசம்கூட சாப்பிடாம இருக்கும் மேடம்." அதுக்கப்புறம் போனை எடுக்கலை. பேரைக் கேட்ட வாய்தான் இது. அதுக்குள்ள நான் மேடம் ஆயிட்டேன், முத்து "பெட்" ஆயிடுச்சு.

ஆப்போட சாட்ல எழுதினேன். "உங்கள் கோரிக்கை பெறப்பட்டது, 48 மணி நேரத்தில் தொடர்புகொள்வோம்." 48 மணி நேரம்! திரும்பத் திரும்ப எழுதினதுல ஒரு பொண்ணு போன் பண்ணினா. "நாங்க டாக்டரையும் உங்களையும் இணைக்கிறது மட்டும்தான் மேடம், சிகிச்சைக்கு நாங்க பொறுப்பில்லை. 17,000 ஆப் வழியா வரலை, அதனால எங்க கணக்கிலேயே இல்லை." அவன் கல்வித்தகுதி என்ன, பதிவு எண் என்னன்னு கேட்டேன். "அது பார்ட்னரோட தனிப்பட்ட விவரம்." ஒரு மணி நேரத்துல புகார் "தீர்க்கப்பட்டது"ன்னு மூடிட்டாங்க. என்னத்தைத் தீர்த்தீங்க?

வியாழக்கிழமை காலையில ஒட்டின இடத்து விளிம்புல வெள்ளையா நெளிஞ்சுது. புழு. என் அக்கா மகன் நம்பர்ல இருந்து கூப்பிட்டதும் உடனே எடுத்தான், புது கஸ்டமர்னு நினைச்சிருப்பான். என் குரலைக் கேட்டதும், "மெடிக்கல்ல ஐவர்மெக்டின் வாங்கி ரெண்டு சொட்டு வாயில விடுங்க, புழு செத்துடும்"னான். அதுக்கும் கேக்கலைன்னா என்னன்னு கேட்டேன். "செலவு வேண்டாம்னா ஃப்ரீசர்ல வச்சிடுங்க மேடம், தூங்குற மாதிரி போயிடும்."

இதை எழுதும்போதே கை நடுங்குது.

அவர் மருந்தை வாங்கியும் வந்துட்டார். நல்லவேளை, நாமக்கல்ல கால்நடை மருத்துவம் படிக்கிற அக்கா மகளுக்குப் போன் பண்ணினேன். அவளுக்குப் பரீட்சைன்னு ஞாயித்துக்கிழமை தொந்தரவு பண்ணாம இருந்தேன், அந்தத் தப்பு என்னோடது. விஷயத்தைச் சொன்னதும் கத்திட்டா. "சித்தி, அதைக் கொடுத்துடாதீங்க! நாய், மாட்டுக்குக் கொடுக்கிற மருந்து அது. ஆமைக்கு விஷம். கை கால் விழுந்து செத்துடும். தண்ணியிலயும் விடாதீங்க, ஈரமில்லாத துண்டுல வச்சு உடனே வேப்பேரிக்குப் போங்க."

தாம்பரத்துல இருந்து வேப்பேரி வரைக்கும் மடியில வச்சுட்டே போனேன். கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில ஒரு டாக்டர் அம்மா பார்த்தாங்க. மேல இருந்ததைப் பிரிச்சதும் சீழ். எக்ஸ்ரே எடுத்தாங்க. ஒண்ணும் தெரியாதுன்னு அவன் சொன்ன அதே எக்ஸ்ரேதான், எல்லாமே தெரிஞ்சுது. ஓடுங்கிறது நகம் இல்லை, எலும்பு. விலா எலும்பும் முதுகெலும்பும் சேர்ந்துதான் ஓடாகியிருக்கு, ரத்தமும் நரம்பும் ஓடுது, நம்ம எலும்பு மாதிரியே வலிக்கும். அதுக்கு நேர் கீழே நுரையீரல். நான் முதல் நாள் பார்த்த நுரை, நுரையீரல் திறந்துடுச்சுங்கிறதுக்கு அடையாளம். அந்த ஓட்டை வழியாதான் நான் செவ்வாய்க்கிழமை தண்ணியை உள்ள விட்டிருக்கேன்.

படத்துல இன்னொண்ணும் இருந்தது. வெள்ளையா, நீள்வட்டமா நாலு முட்டை. ஆண் துணை இல்லாமலும் முட்டை வைக்குமாம். ஒன்பது வருஷமா முத்துவை நாங்க பையன்னே நினைச்சுட்டு இருந்தோம்.

பசை வச்சு மூடுறதை முன்னெல்லாம் டாக்டருங்களும் செஞ்சிருக்காங்களாம். ஆனா அழுக்கான புதுக் காயத்தை மூடினா கிருமி உள்ளேயே அடைபட்டு வளரும். இப்போ திறந்து வச்சு தினமும் அலசி, கட்டுப் போட்டு, உடைஞ்ச துண்டுகளைக் கம்பி வச்சு இழுத்துச் சேர்ப்பாங்களாம். ஓடு கூடி வர மாசக்கணக்கு ஆகும், ஒரு வருஷம் தாண்டியும் போகலாம். ஆனா நிறைய ஆமை பிழைக்குமாம்.

முத்து பிழைக்குமான்னு கேட்டேன். அவங்க அவசரப்படலை. பின்னங்கால் விரலை இடுக்கியால அழுத்திக் காட்டினாங்க, முத்து இழுக்கவே இல்லை. முதுகுத்தண்டு போயிருந்தது. "இது மட்டும்னா நானே வைத்தியம் பார்க்கலாம்னு சொல்லுவேன். பின்னங்கால் வராமலே வருஷக்கணக்கா இருக்கிற ஆமை உண்டு, கூடவே இருந்து பார்த்துக்க ஆள் வேணும், அவ்வளவுதான். ஆனா நுரையீரல்ல சீழ், வயித்துக்குள்ள புழு போயிருக்கு. நான் முயற்சி பண்ணினா பல வாரம் வலியில வச்சிருந்து இழக்கத்தான் வாய்ப்பு அதிகம்"னாங்க. ஞாயித்துக்கிழமையே வந்திருந்தா? அவங்க என் முகத்தைப் பார்த்துட்டு, "முதுகுத்தண்டு அன்னைக்கே போயிருக்கலாம். மத்ததெல்லாம் அதுக்கப்புறம் வந்தது"ன்னு மட்டும் சொன்னாங்க.

வெளியில வேப்பமரத்தடியில மூணு பேரும் நின்னோம். அவர் எவ்வளவு செலவானாலும் பார்க்கலாம்னார். தன் கையால ஆனதுங்கிற குற்ற உணர்ச்சி அவரைப் பேச வச்சுது. நான் அழுதுட்டே இருந்தேன். பையன்தான் கேட்டான்: "அப்பா, நமக்காக வச்சுக்கப் போறோமா, அதுக்காகவா?" பதினேழு வயசு. அவன் கேட்டதுக்கு எங்க ரெண்டு பேர்கிட்டயும் பதில் இல்லை. உள்ள போய், வலியில்லாம அனுப்பிடுறதுக்குச் சரின்னோம்.

முதல்ல மயக்க ஊசி. முழுசா மயங்கின அப்புறம்தான் அடுத்தது. ஃப்ரீசர் பத்திக் கேட்டேன். அவங்க முகமே மாறிடுச்சு. அது தூக்கம் இல்லை, கொடுமை. ஆமையோட மூளை ஆக்ஸிஜன் இல்லாமலே ரொம்ப நேரம் தாங்கும், எல்லாம் முடிஞ்ச பின்னாடியும் இதயம் துடிச்சுட்டு இருக்கும், அதனால மூளை அடங்கினதை உறுதி பண்ணிட்டுத்தான் விடுவோம்னாங்க. உறுதி பண்ணினாங்க. அங்க ஆன செலவு, அவனுக்குக் கொடுத்த 23,500-ல பத்துல ஒரு பங்குகூட இல்லை.

நேத்து ஆப்ல இருந்து மெசேஜ்: "உங்கள் செல்லம் எப்படி இருக்கிறது? மறுபரிசோதனைக்கு 20 சதவீதம் தள்ளுபடி."

நிறைய எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், முடியலை. தோணுறதை மட்டும் சொல்றேன். ஓடு உடைஞ்சா தண்ணியில விடாதீங்க, சாப்பாடு ஊட்டாதீங்க, மஞ்சள், பசை எதுவும் வைக்காதீங்க. சுத்தமான துணி மூடி, ஈ உட்காராம, ஈரமில்லாத டப்பாவுல வச்சு அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஐவர்மெக்டின் கூடவே கூடாது. வர்றவர்கிட்ட கால்நடை மருத்துவப் பட்டமான பி.வி.எஸ்சி. படிச்சவரா, கால்நடை மருத்துவ கவுன்சில் பதிவு எண் என்னன்னு கேளுங்க, சொல்லத் தயங்கினா கதவைச் சாத்துங்க. எக்ஸ்ரே வேண்டாம்னு சொல்றவரை நம்பாதீங்க. தனி நம்பருக்குப் பணம் அனுப்பாதீங்க. வளர்க்க முடியலைன்னு ஆமையைக் கோயில் குளத்துல கொண்டுபோய் விடாதீங்க.

நுகர்வோர் உதவி எண் 1915-ல பதிவு பண்ணியாச்சு. சைபர் குற்றத்துக்கு 1930-லயும் சொல்லியாச்சு. திங்கட்கிழமை பதிவு எண் விஷயமா கவுன்சிலுக்கு எழுதிக் கொடுக்கப் போறோம். இதே மாதிரி நீலச் சட்டை போட்டு, "குழந்தை பேர் என்ன"ன்னு கேட்டு உங்க வீட்டுக்கும் யாராவது வந்திருந்தா எனக்குத் தெரியப்படுத்துங்க, சேர்ந்து கொடுக்கலாம். அவர் ஞாயித்துக்கிழமையில இருந்து கார்ச் சாவியைத் தொடலை. வேப்பேரிக்கும் ஆட்டோவுலதான் போனோம்.