திரைவிழாவிலிருந்து வீட்டுத் திரை வரை: ஆவணப்படங்களுக்குக் காத்திருந்த அனுபவம்

சித்தப்பா மகன் போன வாரம் போனில் கேட்டான்: "அண்ணே, இந்த வருஷம் திருவனந்தபுரம் ஆவணப்பட விழாவுக்கு நானும் பாஸ் எடுக்கட்டுமா? இல்ல, எல்லாப் படமும் எப்படியும் ஓடிடிக்கு வந்துடும்தானே?" அரை நிமிடத்தில் சொல்லக்கூடிய பதில் இல்லை. "எழுதி அனுப்புறேன்டா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் பதில்தான் இது.

2019இலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். இடப்பக்கம் படத்தின் பெயர், முதலில் எந்த விழாவில் திரையிட்டார்கள், எந்த மாதம். வலப்பக்கம் நான் பார்த்த தேதி. அவ்வளவுதான். ஜனவரியில் சன்டான்ஸ், பிப்ரவரியில் பெர்லின், மேயில் கான், செப்டம்பரில் டொரொண்டோ, நவம்பரில் ஆம்ஸ்டர்டாம் என்று பட்டியல் வர வர இடப்பக்கம் நிரம்பிவிடும். வலப்பக்கம்தான் பாடாய்ப் படுத்தும்.

ஷௌனக் சென் எடுத்த 'ஆல் தட் ப்ரீத்ஸ்' படத்தையே சொல்கிறேன். டெல்லி வசீராபாத்தில் அடிபட்ட பருந்துகளுக்கு வைத்தியம் பார்க்கும் அண்ணன் தம்பியைப் பற்றியது. 2022 ஜனவரியில் சன்டான்ஸில் உலக ஆவணப்படப் பிரிவின் முதல் பரிசு. மே மாதம் கானில் சிறந்த ஆவணப்படத்துக்கான தங்கக் கண் விருது. 2023இல் ஆஸ்கர் பரிந்துரை. நானும் 2023இல்தான் பார்த்தேன். நடுவில் ஒரு வருடத்துக்கு மேல் விமர்சனமும் பேட்டியும் விடாமல் படித்ததில், பார்க்கும் முன்பே படம் எனக்குப் பழசாகிவிட்டது. ஆரம்பத்தில் இருட்டில் எலிகள் ஓடும் என்று தெரியும். குடியுரிமைச் சட்டப் போராட்டம் பின்னணியில் வரும் என்று தெரியும். சகோதரர்கள் பறவைகளைப் பற்றிப் பேசும் வாக்கியங்கள்கூடப் பாதி மனப்பாடம்.

ஆனால் ஒன்று தெரியாது. அவர்களுக்கு உதவியாக இருக்கும் சாலிக் என்ற இளைஞர் ஆட்டோவில் போய்க்கொண்டிருப்பார். சட்டைப் பைக்குள் கையை விட்டு ஓர் அணிலை வெளியே எடுப்பார். பேச்சு கிடையாது, விளக்கம் கிடையாது. நான் படித்த எதிலும் அந்த அணில் வரவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு அந்தக் காட்சியை மூன்று தடவை பின்னால் தள்ளிப் பார்த்தேன். நோட்டில் தேதிக்குப் பக்கத்தில் 'அணில்' என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆவணப்படத்தின் கதையை யார் வேண்டுமானாலும் சொல்லிக் கெடுக்கலாம், அந்த அணிலைக் கெடுக்க முடியாது. இத்தனை வருடம் இதை விடாமல் இருப்பதற்குக் காரணம் இந்த மாதிரி இரண்டு மூன்று நிமிடங்கள்தான்.

சரி, ஏன் இவ்வளவு தாமதம்? கொஞ்சம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பெரிய விழாக்கள் பலவும் தங்கள் நாட்டில் முதல் திரையிடல் தங்களிடம்தான் நடக்க வேண்டும் என்று கேட்கும். அதனால் படத்தை வெளியே விடாமல் விழா விழாவாக எடுத்துப் போவார்கள். ஆஸ்கருக்குப் போக வேண்டுமென்றால், பொதுவாக, தகுதியுள்ள விழாவில் பரிசு வாங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் அமெரிக்காவில் தியேட்டரில் 7 நாள் ஓடியிருக்க வேண்டும். அதற்கு ஒரு சீசன் போகும். அப்புறம் உரிமை. ஒரு படத்தில் நாலைந்து நாட்டுத் தொலைக்காட்சிகளின் பணம் இருக்கும், ஒவ்வொரு நாட்டுக்கும் தனி ஒப்பந்தம். நம் நாட்டு உரிமையை யாரும் வாங்கவில்லையென்றால் படம் அப்படியே நின்றுவிடும். அமெரிக்காவிலேயே இந்தக் கதை உண்டு: 'நோ அதர் லேண்ட்' 2024 பிப்ரவரியில் பெர்லினில் பரிசு வாங்கி, 2025 மார்ச்சில் ஆஸ்கரும் வாங்கியது. அன்று வரை அந்தப் படத்துக்கு அங்கே ஒரு விநியோகஸ்தர் கிடையாது.

பணம் போட்ட இடமே வெளியிடும் இடமாகவும் இருந்தால் கதை வேறு. முதுமலை தெப்பக்காடு முகாமில் எடுத்த 'தி எலிபண்ட் விஸ்பரர்ஸ்' 2022 நவம்பரில் நியூயார்க் ஆவணப்பட விழாவில் வந்தது, டிசம்பர் 8 அன்று நெட்ஃபிளிக்ஸில் இருந்தது. ஒரே மாதம். எங்கள் வீட்டில் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார். யானைக்குட்டியை வளர்க்கும் பொம்மனும் பெள்ளியும் தமிழில் பேசப் பேச, சப்டைட்டில் பக்கம் கண்ணே போகாமல் அம்மா பார்த்த ஒரே ஆவணப்படம் அது. ஓடிடியை நான் திட்டும்போதெல்லாம் இந்த ராத்திரியையும் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என் நோட்டில் இன்னும் காலியாகக் கிடக்கும் வரி 'ரைட்டிங் வித் ஃபயர்'. கபர் லஹரியா என்ற பத்திரிகையை நடத்தும் தலித் பெண்களைப் பற்றியது. 2021 சன்டான்ஸில் இரண்டு விருது, 2022இல் ஆஸ்கர் பரிந்துரை. முழுநீள ஆவணப்படப் பிரிவில் பரிந்துரை பெற்ற முதல் இந்தியப் படம். ஆஸ்கர் சமயத்தில் கபர் லஹரியாவே ஓர் அறிக்கை விட்டது: ஒரே கட்சியைப் பற்றிச் செய்தி சேகரிப்பதுதான் எங்கள் வேலை என்பதுபோல் படம் காட்டுகிறது, அது சரியல்ல என்று. நண்பர்களிடையே பெரிய விவாதம். என்னையும் கேட்டார்கள். படத்தைப் பார்க்காத நான் என்ன சொல்வது? அறிக்கையைப் படித்தேன், இயக்குநர்கள் பேசியதைப் படித்தேன், படம் மட்டும் கையில் இல்லை. உத்தரப் பிரதேசத்துக் கிராமப் பெண்களைப் பற்றிய படம். அமெரிக்காவில் பார்த்தவர்கள் கருத்துச் சொல்ல, இங்கே இருக்கும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, இன்றும்.

நம் நாட்டுச் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. தியேட்டரில் ஓட்டத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். விழா என்றால் சான்றிதழ் இல்லாமல் திரையிட ஒன்றியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் விலக்கு போதும், ஆனால் அதுவும் எப்போதும் கிடைத்துவிடாது. ஆனந்த் பட்வர்தனின் 'ரீசன்' 2018இல் டொரொண்டோவில் வந்து, ஆம்ஸ்டர்டாமில் முழுநீளப் பிரிவில் சிறந்த படமானது. 2019இல் திருவனந்தபுரம் விழாவுக்கு வந்தபோது விலக்கு கிடைக்கவில்லை. கேரள உயர்நீதிமன்றம் அனுமதித்த பிறகே திரையிட முடிந்தது. நான் முதன்முதலாகப் போன வருடம் அதுதான். தமிழில் திவ்யா பாரதியின் 'கக்கூஸ்' 2017இல் திரையிடல்களுக்குத் தடை வந்ததும் யூட்யூபுக்கே போய்விட்டது. காத்திருக்க வைக்காத படம் என்றால் அதைத்தான் சொல்வேன்.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். எல்லாம் ஓடிடிக்கு வந்துவிடும்தானே?

சில வருடம் முன்பு திருவனந்தபுரத்தில் ஓர் உப்பளப் படம் பார்த்தேன். தொண்ணூறு நிமிடம். அதில் ஒரு பாட்டி ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து தன் பாதங்களைப் பார்த்துக்கொள்வாள். வெடித்துக் கிடக்கும் குதிகாலில் உப்பு ஏறியிருக்கும். தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டு ஒவ்வொரு வெடிப்பாக நிரப்புவாள், பல்லைக் கடித்துக்கொண்டு. வெட்டே இல்லாத ஒரே ஷாட். அரங்கில் ஒரு சத்தம் இல்லை. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் தன் காலை மெதுவாகச் செருப்புக்குள் இழுத்துக்கொண்டார். படம் முடிந்ததும் வெளியே சாயா கிளாஸோடு நின்ற படத்தொகுப்பாளரிடம் அந்தக் காட்சியைப் பற்றிக் கேட்டேன். "தொலைக்காட்சிக்கு 52 நிமிடமாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள், முதலில் போகப்போவது அதுதான்" என்றார். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இரண்டு வருடம் கழித்து அதே படம் ஒரு செயலியில் வந்தது. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். 52 நிமிடம். திண்ணை இருந்தது, பாட்டி வாசலில் நின்று பேசுவது இருந்தது, பாதங்கள் இல்லை. "நல்லாத்தான் இருக்கு" என்று அம்மா எழுந்து போனார். எதைப் பார்க்காமல் விட்டோம் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? போன மாதம் தேடினேன், அந்த 52 நிமிடமும் இப்போது அங்கே இல்லை. ஒப்பந்தம் முடிந்திருக்கும்.

விழா நடக்கும் கைரளி, ஸ்ரீ, நிளா தியேட்டர்கள் மூன்றும் ஒரே வளாகம். நாகர்கோவிலில் ரயில் ஏறித் தம்பானூரில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். ஒரு நாளில் நாலைந்து படம் பார்க்கலாம். அட்டவணை மாறும், பிரபலமான படத்துக்கு வரிசையில் நின்றும் இடம் கிடைக்காமல் போகும், சில படம் தூக்கம் வரவைக்கும், மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமே இருக்காது. இதெல்லாம் உண்மை. ஆனால் முழுப் படத்தையும் முழு நீளத்தில், எடுத்தவர்கள் பக்கத்தில் நிற்க, பார்க்க எனக்குக் கிடைத்த ஒரே இடம் அது.

ஆகவே தம்பி, நோட்டு போடாதே. சன்டான்ஸ் பட்டியல், பெர்லின் பட்டியல் எதையும் படிக்காதே, அது நிம்மதியைக் கெடுக்கும். நல்ல படங்களின் பெயரெல்லாம் எனக்குக் கிடைத்தது அந்த நோட்டால்தான், இருந்தாலும் உனக்கு அது வேண்டாம் என்றுதான் இன்றைக்குச் சொல்லத் தோன்றுகிறது. பாஸ் மட்டும் எடு. முதல் நாள் காலை எட்டரைக்குக் கைரளி வாசலில் நிற்பேன். அடையாள அட்டையை மறக்காதே, காலையிலேயே ஏதாவது சாப்பிட்டுவிட்டு வா.