ஓட்டக் கிளப்பாகச் சேர்ந்து அரை மாரத்தானுக்குப் பணம் கட்டப் போகிறீர்களா, கொஞ்சம் நில்லுங்கள்

21.1 கிமீ என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு எங்களில் பாதிக்கு மேற்பட்டவர்களை 20.4 கிமீதான் ஓடவிட்டார்கள். தண்ணீர் பாதி வழியிலேயே தீர்ந்துபோனது. கேள்வி கேட்டால் கமென்ட்டை அழிக்கிறார்கள். அமைப்பாளரின் பெயரை இங்கே போடவில்லை, பெயரை மாற்றிக்கொண்டு வருவது இவர்களுக்குப் பெரிய வேலையும் இல்லை. ஆளை விட அவர்களின் முறையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

முதலில் கிளப் கேப்டனுக்குத்தான் போன் வரும். பத்துப் பேரைச் சேர்த்தால் ஒரு என்ட்ரி இலவசம், கிளப் பெயர் பேனரில் வரும், ஸ்டார்ட் லைனில் தனி இடம் என்றெல்லாம் சொல்வார்கள். பணத்தை மட்டும் மொத்தமாக ஒரே கணக்கிலிருந்து அனுப்பச் சொல்வார்கள். இது ஏன் என்று பிறகுதான் புரிகிறது: ஒவ்வொருவரும் தன் கார்டில் கட்டியிருந்தால் ஆளாளுக்கு வங்கியில் முறையிடலாம், இப்போதோ அவர்களுக்குப் பணம் கட்டியவர் கேப்டன் ஒருவர்தான், மற்றவர்கள் எல்லாம் எக்செல் ஷீட்டில் வெறும் பெயர்கள். திட்டு வாங்குவதும் அந்த மனிதர்தான், பாவம்.

இப்போது தூரத்துக்கு வருகிறேன். போய்த் திரும்பும் பாதை. யூ டர்னில் ஒரே ஒரு கோன், விசிலோடு ஒரு பையன், அவ்வளவுதான். அந்த இடத்தில் டைமிங் மேட் இல்லை, அதாவது யார் எப்போது கடந்தார் என்று பதிவு செய்யும் விரிப்பு. வேகமாக ஓடும் எங்கள் ஆட்கள் சிலர் தாண்டிப் போன பிறகு, வண்டிகள் திரும்ப வழிவிட வேண்டும் என்று யாரோ அந்தக் கோனை ஸ்டார்ட் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டார்கள். சுமார் 350 மீட்டர் இருக்கும், போக வர இரண்டு மடங்கு. நான் வந்தபோது அந்தப் பையன் இங்கேயே திரும்புங்கள் என்று கை காட்டினான், திரும்பினோம். தார் மேல் சுண்ணாம்பில் போட்ட உண்மையான திரும்பும் கோடு இன்னும் தள்ளி இருந்தது என்பதே முன்னால் போனவர்கள் சொல்லித்தான் தெரியும்.

விளைவைப் பாருங்கள். முன்னால் போனவர்கள் முழுத் தூரம் ஓடியிருக்கிறார்கள், பின்னால் வந்தவர்கள் ஓடவில்லை, ஆனால் எல்லாரும் ஒரே முடிவுப் பட்டியலில்! இரண்டு மணி நேரத்தில் முடிக்க வழிகாட்டி ஓடும் பேசர் கிமீக்கு 5 நிமிடம் 41 விநாடி வேகத்தில் போக வேண்டும், அந்த வேகத்தில் 700 மீட்டர் என்பது கிட்டத்தட்ட நான்கு நிமிடம். வயதுப் பிரிவுப் பரிசுகளை இந்தக் குழப்பத்தின் மேலேயேதான் கொடுத்தார்கள். முதல் முறை சப் 2, அதாவது இரண்டு மணி நேரத்துக்குள், அடித்துவிட்டோம் என்று கட்டிப்பிடித்துக்கொண்டவர்களிடம் தூரம் காட்டும் ஜிபிஎஸ் வாட்சைப் பார்க்கச் சொல்ல எனக்கு மனசே வரவில்லை.

கேட்டதற்கு வந்த பதில், ஜிபிஎஸ் அப்படித்தான் கூடக் குறைய காட்டும் என்பது. இந்தச் சால்ஜாப்பை எந்த ரேஸிலும் நம்பாதீர்கள். முறைப்படி அளப்பவர்கள் நாடாவால் அளந்த ஒரு நீளத்தில் சைக்கிளை ஓட்டிச் சரிபார்த்து, சக்கரத்தில் சுற்றுகளை எண்ணும் ஜோன்ஸ் கவுன்ட்டர் மாட்டி, வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 செமீ தள்ளி, இருப்பதிலேயே குறுகிய வழியில் அளப்பார்கள். அதற்கு மேல் கிமீக்கு ஒரு மீட்டர் கூடுதலாகவும் சேர்ப்பார்கள், குறைந்துவிடக் கூடாது என்பதற்காக. நாமோ கூட்டத்தில் வளைந்து நெளிந்து ஓடுகிறோம். அதனால் ஒழுங்காக அளந்த பாதையில் வாட்ச் பெரும்பாலும் 21.2, 21.3 என்று கூடத்தான் காட்டும். ஒரு வாட்ச் குறைத்துக் காட்டினால் வாட்சில் கோளாறு என்று சொல்லலாம், ஒரு கிளப்பில் பாதிக்கு மேற்பட்ட வாட்சுகள் 20.4 என்று காட்டினால்?

தவறு பெரிய ரேஸ்களிலும் நடக்கிறது, அதை மறுக்கவில்லை. மான்செஸ்டர் மாரத்தான் 2013 முதல் 2015 வரை மூன்று ஆண்டும் 380 மீட்டர் குறைவாக ஓடவிடப்பட்டது. 2016 கிரேட் ஸ்காட்டிஷ் ரன் அரை மாரத்தான் 149.7 மீட்டர் குறைந்ததால் ஓட்டக்காரர் கேலம் ஹாக்கின்ஸின் ஸ்காட்லாந்து சாதனையே செல்லாமல் போனது. ஆனால் அங்கெல்லாம் மறுபடி அளந்து பார்த்து, குறைவு இவ்வளவு என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். இங்கே அளந்த சான்றிதழைக் காட்டுங்கள் என்றால் ஒரு மேப் ஆப்பின் ஸ்கிரீன்ஷாட் வருகிறது.

தூரத்தையாவது மன்னித்துவிடலாம், தண்ணீர் விஷயத்தை மன்னிக்கவே முடியாது. சாலைப் போட்டிகளுக்கு ஏறத்தாழ 5 கிமீக்கு ஒரு இடத்திலாவது தண்ணீர் இருக்க வேண்டும் என்பது உலகத் தடகள விதி. இவர்கள் 2.5 கிமீக்கு ஒன்று என்று போஸ்டர் போட்டவர்கள். 13வது கிமீ மேஜையில் கவிழ்த்து வைத்த காலி கேன், தரை முழுக்க மிதிபட்ட கப், தன்னார்வலர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த மேஜையே இல்லை. முன்னால் போனவர்களுக்கு எல்லாம் கிடைத்தது, மெதுவாக வருகிறவர்களுக்குத்தான் ஒன்றும் இல்லை, இத்தனைக்கும் வெயிலில் அதிக நேரம் நிற்பது அவர்கள்தான்.

எங்கள் கிளப்பின் மூத்த அக்கா ஒருவர் 17வது கிமீ பக்கம் தள்ளாட ஆரம்பித்தார், பேச்சும் குழறியது. மருத்துவ உதவி என்று எழுதிய குடைக்குக் கீழே இருந்த பையனிடம் வலி ஸ்ப்ரே மட்டும்தான் இருந்தது, அதை அவருடைய முட்டியில் அடிக்கப் பார்த்தான்! வெப்பத்தால் தள்ளாடுகிறவரை முதலில் குளிர்விக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்கு வண்டி எல்லாம் அப்புறம். யாரோ இடுப்பில் கட்டி வந்த பாட்டில், பக்கத்துக் கடையில் கேட்டு வாங்கிய ஐஸ், இதை வைத்து நாங்களே சமாளித்தோம். ஆம்புலன்ஸ் ஃபினிஷ் லைனில் போட்டோவுக்கு அழகாக நின்றிருந்தது. அக்கா இப்போது நன்றாக இருக்கிறார்.

மெடல் கதை வேறு. 10 கிமீ ஓடியவர்களுக்கு எங்கள் மெடலை எடுத்துக் கொடுத்துவிட்டு, கூரியரில் வரும் என்றார்கள். வரவில்லை.

மெயில் போட்டோம். விதிமுறைப்படி பணம் திரும்பத் தரப்படாது, ஆனால் அடுத்த ரேஸுக்குக் கிளப் தள்ளுபடி தருகிறோம் என்று பதில் வந்தது. இதைப் படித்துவிட்டு எங்கள் கேப்டன் சிரித்த சிரிப்பை எழுத்தில் கொண்டுவர முடியாது.

சரி, நீங்கள் என்ன கேட்க வேண்டும்? பாதையை அளந்தவர் யார், சான்றிதழ் எண் என்ன, எந்த ஆண்டு அளந்தது என்று கேளுங்கள். சான்றிதழ் அதிகபட்சம் ஐந்து ஆண்டுதான் செல்லும், அதுவும் பாதை மாறாமல் இருந்தால். ஸ்டார்ட், திரும்பும் இடம், ஃபினிஷ் எல்லாம் குறித்த அளவீட்டு வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். திரும்பும் இடத்தில் மேட் உண்டா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். கட்-ஆஃப் நேரம், அதாவது ஓடி முடிக்கக் கொடுக்கும் கடைசி நேரம், வரைக்கும் தண்ணீர் மேஜையில் ஆள் நிற்பாரா என்று கேட்கும்போது பதில் வழவழ என்று வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். தள்ளுபடி போனாலும் பரவாயில்லை, ஒவ்வொருவரும் தன் பெயரில் தனியாகப் பணம் கட்டுங்கள்.

இன்னொன்று, அவர்களுடைய அடுத்த ரேஸ் விளம்பரத்தில் எங்கள் கிளப் சட்டை போட்ட கூட்டம் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற படம் ஓடிக்கொண்டிருக்கிறது. எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறோம், இன்னும் எடுக்கவில்லை. அதைப் பார்த்து, நாங்கள் சிபாரிசு செய்கிறோம் என்று யாரும் பணம் கட்டிவிடாதீர்கள்.