மூன்று மாதம் பொறுப்பதா, உடனே தொடங்குவதா? விந்தணு குறைபாடும் மலைவாழ் தம்பதிகளும்

விந்துப் பரிசோதனையில் எண்ணிக்கையோ அசைவோ குறைவு என்று தெரியவந்ததும், ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பகுதித் தம்பதிகள் பலருக்கு முன்னால் இரண்டு வழிகள் நிற்கின்றன. கோயம்புத்தூரில் உள்ள ஒரு கருத்தரிப்பு மையத்தில் ஐயூஐ (விந்தணுக்களை நேரே கருப்பைக்குள் செலுத்துவது), ஐவிஎஃப் (கருமுட்டையையும் விந்தணுக்களையும் ஆய்வகத்தில் சேர்த்துக் கருவாக்குவது), இக்சி (ஒரு விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்துவது) ஆகியவற்றுள் பொருந்துவதை உடனே தொடங்குவது ஒன்று. கணவர் புகையையும் மதுவையும் விட்டு, உடலைத் தேற்றி, விந்தணுவின் தரம் உயரும்வரை சிகிச்சையைத் தள்ளிவைப்பது மற்றொன்று. பின்னது செலவில்லாத வழி போலத் தோன்றுவதால் பெரியவர்களும் எளிதில் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு, அந்த விலை மனைவியின் வயதிலிருந்து கழிக்கப்படுகிறது. குறைபாடு கணவரிடம் இருக்கும்போதுகூடக் காலத்தைக் கணக்கிட வேண்டியது மனைவியின் கருமுட்டை இருப்பை வைத்துத்தான் என்பது என் உறுதியான கருத்து.

காத்திருப்பதற்கு உடலியல் காரணம் இல்லாமல் இல்லை. விந்தகத்தில் ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 70 நாட்களும், அதை ஒட்டிய சுருள்குழாயில் முதிர்ந்து வெளிவர மேலும் இரண்டு வாரங்கள் வரையும் ஆகின்றன. எனவே இன்று விட்ட பீடியின் பலன் முழுமையாகத் தெரிய மூன்று மாதம் வேண்டும்; அதேபோல் கடும் காய்ச்சல் கண்டு எழுந்தவரின் விந்துப் பரிசோதனை அடுத்த இரண்டு மூன்று மாதங்களுக்கு உண்மையைவிட மோசமாகத் தெரியலாம். ஒரே ஓர் அறிக்கையை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேடு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணுக்கள், மொத்த அசைவு 42 விழுக்காடு, இயல்பான வடிவம் 4 விழுக்காடு என்று கீழ்வரம்புகளைக் குறிக்கிறது. ஓராண்டுக்குள் தந்தையான ஆண்களை அளந்து, அவர்களுள் கடைசி 5 விழுக்காட்டினரின் அளவிலிருந்து பெற்ற எண்கள் இவை. இவற்றுக்குக் கீழே இருப்பவர் தந்தையாக முடியாதவர் என்று பொருள்கொள்ளத் தேவையில்லை.

காத்திருப்பு பலன் தருவது, நீக்கக்கூடிய காரணம் ஒன்று கண்டறியப்பட்டிருக்கும்போதுதான். உடற்பயிற்சிக் கூடங்களில் தசை வளர்ச்சிக்கென்று போடப்படும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி, உடல் தானாகச் செய்யும் விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடக்கூடும். மருத்துவரின் மேற்பார்வையில் அதை விட்டுக் காத்திருப்பதே அங்கு சிகிச்சை, அது சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் நீளும். கையால் தொட்டு உணரக்கூடிய அளவில் வெரிகோசீல் (விதைப்பையின் இரத்தக்குழாய்கள் புடைத்திருப்பது) இருந்தால், அறுவைக்குப் பின் மூன்று முதல் ஆறு மாதங்களில் பலன் தெரிகிறது.

மலையில் வாழ்வோர் தொழிலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விந்தகம் உடலின் பிற பகுதியைவிட 2 முதல் 4 டிகிரி குறைந்த வெப்பத்தில்தான் சரியாக இயங்குகிறது. ஊட்டியின் குளிரே காப்பாற்றும் என்று எண்ணுபவர்கள் தேயிலைத் தொழிற்சாலையின் உலர்த்தும் எந்திரத்தருகிலோ, கொதிகலன் பக்கத்திலோ, வர்க்கி சுடும் அடுப்பின் முன்போ நாள் முழுவதும் நிற்பதையும், லாரி இருக்கையில் மணிக்கணக்காக அமர்ந்திருப்பதையும் கணக்கில் கொள்வதில்லை. உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோசு விளையும் நிலங்களில் மருந்து அடிப்பவர்களுக்கும் எச்சரிக்கை தேவை: டிபிசிபி என்ற பூச்சிக்கொல்லியைத் தயாரித்த கலிபோர்னியத் தொழிலாளர்கள் பலருக்கு விந்தணு குறைந்ததும் சிலருக்கு அறவே இல்லாமல் போனதும் 1977இல் தெரியவந்தது. இன்று பயன்படும் மருந்துகள் எல்லாம் அப்படிப்பட்டவை என்று சொல்ல முடியாது. ஆயினும் அந்த மூன்று மாதங்களுக்குத் தெளிக்கும் வேலையை வேறொருவரிடம் ஒப்படைப்பது நியாயமான முன்னெச்சரிக்கை.

காரணம் எதுவும் தெரியாமல் மாத்திரைப் புட்டிகளை நம்பிக் காத்திருப்பது வேறு. துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் கொடுத்து 2,000க்கும் மேற்பட்ட தம்பதிகளிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2020இல் வெளிவந்தது. விந்துவின் தரமும் குழந்தைப் பிறப்பும் அதனால் உயரவில்லை. ஒய் குரோமோசோமில் சில பகுதிகள் இழந்திருப்பவர்களுக்கு எந்தப் பழக்க மாற்றமும் அந்தக் குறையைச் சரிசெய்யாது.

மனைவிக்கு முப்பதுக்குள் வயது, கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் என்ற இரத்தப் பரிசோதனையின் அளவும் நன்றாக இருக்கிறது என்றால் மூன்று மாதம் பொருட்டே இல்லை. 37, 38 வயதைத் தாண்டியவருக்கும், கருமுட்டை இருப்பு குறைந்தவருக்கும் அச்சம் கூடுதல் என்றாலும், 2020இல் நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், இருப்பு குறைந்த பெண்களிடையே 180 நாட்கள் வரையிலான தாமதம் ஐவிஎஃப்பின் பலனைக் குறைக்கவில்லை என்று தெரிந்தது. எனவே திட்டமிட்ட ஒரு தாமதத்தைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை. தேதி குறிக்காமல் தொடங்கிய மூன்று மாதம், மறுபரிசோதனைக்குக் கணவர் கூச்சப்பட்டே ஒன்பது மாதமாகவும் ஓராண்டாகவும் நீள்வதுதான் உண்மையான இழப்பு.

இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்றுண்டு, பலருக்கும் நான் பரிந்துரைப்பது அதையே. கணவர் உடலைத் தேற்றும் அதே மூன்று மாதங்களில் மனைவியின் ஏஎம்எச், தைராய்டு, கருக்குழாய்ப் பரிசோதனைகளை முடித்துவிடலாம். வயது கூடியவர் என்றால் கருமுட்டைகளை எடுத்து உறையவைத்துக் கொண்டு, விந்தணு தேறியபின் கருவாக்கலாம். எண்ணிக்கை மிகக் குறைவாக உள்ளவர், அது இன்னும் குறைந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்காக, இப்போதே ஒரு மாதிரியை உறையவைப்பது நல்லது. 1992 முதல் வழக்கில் இருக்கும் இக்சி முறைக்கு ஒரு கருமுட்டைக்கு ஒரு விந்தணு போதும் என்பதால் தரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். விந்தணுவின் மரபுப்பொருளில் ஏற்பட்ட சிதைவை ஊசி சரிசெய்வதில்லை என்பதால், முன்பே கருச்சிதைவுகள் கண்ட தம்பதிகளுக்கு அந்த வாதம் முழுமையாகப் பொருந்தாது.

மலைப்பாதையும் கணக்கில் சேர வேண்டும். விந்து மாதிரி உடல் சூட்டிலேயே ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். ஊட்டியிலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோயம்புத்தூருக்கு அதை வீட்டிலிருந்து கொண்டுபோக முடியாது, அங்கேயே கொடுக்க வேண்டும். முட்டை வளர்ச்சிக்கான ஊசி தொடங்கினால் பத்துப் பன்னிரண்டு நாட்களுக்கு ஓரிரு நாள் இடைவெளியில் ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்சரிவால் மேட்டுப்பாளையம் சாலை மூடப்படும் வாய்ப்பு உள்ளதால், செப்டம்பரில் அறிக்கை பெற்ற தம்பதி ஜனவரிக்குச் சிகிச்சையைத் தள்ளிவைத்தால் அந்தத் தாமதம் இரண்டு வகையில் உதவும்.

மூன்று மாதத்தின் முடிவில் பார்க்க வேண்டிய எண் ஒன்றே: ஆய்வகத்தில் கழுவிப் பிரித்தபின் கிடைக்கும் அசையும் விந்தணுக்களின் மொத்தம். அது 50 லட்சத்துக்கு மேல் வந்தால், மனைவியின் கருக்குழாய்கள் திறந்திருக்கும்பட்சத்தில், இக்சியைவிடச் செலவு பன்மடங்கு குறைந்த ஐயூஐயை முயன்று பார்க்கலாம். மீண்டும் அதற்குக் கீழேயே நின்றால் இன்னொரு தவணை கேட்காமல் இக்சிக்குப் போவதே முறை. அந்த மறுபரிசோதனைக்கான தேதியை முதல் அறிக்கை கையில் கிடைத்த அன்றே மையத்தில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.