ஹட்டன்ல ஆரி வேலை செய்ற அக்காகிட்ட எங்க மதன் உடுப்பக் குடுத்தேன்

இலங்கை மலையகத்துல எங்க தேயிலைத் தோட்டத்துல மாசி அமாவாசை முடிஞ்சு காமன் கூத்துக்குக் கம்பம் ஊண்டிட்டாங்கன்னா அப்புறம் ராத்திரிக்குத் தூக்கம் கெடையாது, தப்பு மேளச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும், ரதி, மதன் (மன்மதன்) வேசம் போட்டவங்க லயம் லயமா, லைன் வீடு ஒவ்வொண்டா ஆடிக்கிட்டு வருவாங்க. மதனுக்குப் போடுற மேலுடுப்பு எங்க அப்பாயியோட கூறப்பட்டுல தைச்சது, சீட்டுக் கட்டி வாங்குன காஞ்சிபுரம் பட்டு. தாத்தா போட்டு ஆடுனாரு, பெறகு பெரியப்பா, இந்த வருசம் தம்பி நேந்துக்கிட்டான். பெட்டியத் தொறந்தா மடிச்ச மடிப்புலயே கிழிஞ்சு கெடக்கு. பட்ட வருசக்கணக்குல ஒரே மடிப்புல வச்சா அந்த எடம் இத்துப் போயிரும், அடிக்கடி மடிப்ப மாத்தி வைக்கணும், எங்க வீட்ல யாருக்கும் அது தெரியல.

மொதல்ல டவுன்ல ஒரு கடையில குடுத்தோம். தோள்பட்டையில க்ளூ அப்பி ப்ளாஸ்டிக் கல்லு ஒட்டிக் குடுத்துட்டு, இதத் தூக்கிப் போட்டுட்டு பொலியெஸ்டர்ல புதுசா தைங்கன்னு சொன்னாங்க. அம்மா அழுதுட்டாங்க.

அப்புறந்தான் ஹட்டன் அக்காவப் பத்தி கேள்விப்பட்டுப் போனோம். ஒரே காம்பரா (ரூம்), போர்ட் கெடையாது, அவங்க பெயர இதுல போட வேணாம்னுட்டாங்க. சல்லி எவ்வளவுன்னு கதைக்க முந்தி உள்தையல்ல இருந்து ஒரு நூல உருவி நெருப்புல காட்டுனாங்க, முடி கருகுற வாடை, சாம்பல் வெரல்ல பொடியாயிருச்சு. "சுத்தப் பட்டு தங்கச்சி, பொலியெஸ்டர்னா உருகிக் கட்டியாயிரும்"னாங்க. ஜரிகைய லேசா பிரிச்சா உள்ளுக்கு செவப்புப் பட்டு நூல், அதுமேல வெள்ளி சுத்தி தங்க முலாம் போட்டது. பட்டோட கரையும் ஒடம்பும் சேர்ற எடத்தத் தடவிக் காட்டி, இது கோர்வை, ரெண்டு பேர் தறியில உக்காந்து கரைக்குத் தனி நாடா (ஊடு நூல் கொண்டு போற கட்டை) ஓட்டி நெய்றது, அதனாலதான் சேலை கிழிஞ்சாலும் கரை கழண்டு வராதுன்னாங்க. உண்மையிலயே ஒடம்பு கிழிஞ்ச எடத்துல கூட கரை அப்படியே இருந்துச்சு!

கிழிசலுக்கு அடியில மெல்லிசா பட்டுத் துணி வச்சு, அதே கலர் நூல்ல கையாலயே இழ ஓட்டிட்டு, மரச் சட்டத்துல இழுத்துக் கட்டி ஆரி ஊசியப் போட்டாங்க. கொக்கி ஊசி மேல ஒரு கையில, கீழ மத்தக் கை நூலக் குடுத்துக்கிட்டே இருக்கு, சங்கிலி சங்கிலியா தையல் விழுது, நான் ஒரு மணித்தியாலம் சும்மா பாத்துக்கிட்டே இருந்தேன். பழைய மயிலு, மாங்காய் எதையும் மாத்தல, சமிக்கி உதிர்ந்த எடத்துல மட்டும் புதுசு வச்சாங்க. க்ளூ கறை முழுசா போகாதுன்னு மொதல்லயே நேராச் சொல்லிட்டாங்க, அதுமேல மதனோட கரும்பு வில்ல ஜரிகையில தைச்சு விட்டாங்க பாருங்க, இப்ப உடுப்புலயே அழகான எடம் அதுதான்.

கொறை சொல்லணும்னா நேரம். மூணு கெழம சொல்லி அஞ்சு கெழம ஆச்சு, கம்பம் ஊண்ட நாலு நாளைக்கு முந்திதான் கைக்கு வந்துச்சு, எங்களுக்கு வயித்துல நெருப்பு. வேலை நேரத்துல ஃபோன் எடுக்க மாட்டாங்க. குடுக்குறவங்க மார்கழியிலயே குடுத்துருங்க. 16,000 ரூபா எடுத்தாங்க, அந்த வேலைக்கு அது கூடவே இல்ல.

ரெண்டு தோட்டத்துப் பிள்ளைக அவங்ககிட்ட வேலை பழகுறாங்க. கலியாண ப்ளவுஸ் ஓடர்லதான் கடை ஓடுதாம், கூத்து உடுப்பு எப்பயாவதுதான் வருதாம். எந்தத் தோட்டத்துலயாவது கோயில் பெட்டியில பழைய ரதி சேலை, மதன் உடுப்பு கெடந்தா, வாடகைக்கு மினுமினுப்பு உடுப்பு எடுக்க முந்தி ஒருக்கா இந்த அக்காகிட்ட கொண்டு போய்க் காட்டுங்க, கெஞ்சிக் கேக்குறேன்.

எங்க உடுப்ப இப்ப பழைய பருத்தி வேட்டியில சுத்தி வச்சிருக்கோம், பூச்சி உருண்ட ஜரிகையில படாம. ஆனி மாசம் மடிப்பு மாத்துறது என் பொறுப்பு.