பிள்ளைகளுக்கான லைஃப் ஜாக்கெட்: காவிரிக் கரையில் ஒரு கோடை விடுமுறைக்குப் பிந்தைய மதிப்பீடு

திருவையாற்றுப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கோடை விடுமுறையில் வரும் தம்பியின் பிள்ளைகளுக்காக, நாகப்பட்டினத்தில் மீன்பிடிச் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் இரண்டு லைஃப் ஜாக்கெட்டுகள் வாங்கினோம். பெண் மூன்றாம் வகுப்பு முடித்தவள். பையன் ஒன்றாம் வகுப்பு முடித்தவன். இருவரும் சென்னையில் வளர்கிறவர்கள், நீச்சல் தெரியாது. ஒரு ஜாக்கெட்டின் விலை ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேலே. பயன்படுத்திப் பார்த்த அளவில் இது வாங்கத் தகுந்த பொருள் என்பதே என் முடிவு. ஆனால் எதைப் பார்த்து வாங்க வேண்டும், எந்த இடத்தில் இதை நம்பி இறங்கக் கூடாது என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

கோடையில் ஆற்றில் தண்ணீரே இல்லையே, இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி திறக்கப்பட்டு ஜனவரி 28ஆம் தேதி மூடப்படுவதால், சித்திரை, வைகாசியில் காவிரி பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கிறது. ஆபத்து அந்த மணலில்தான் இருக்கிறது. மணல் அள்ளிய இடங்களிலும், பாலத் தூண்களின் அடியில் நீர் அரித்த இடங்களிலும், கொள்ளிடத்தின் மடுக்களிலும் தேங்கி நிற்கும் தண்ணீர், மேலே பார்க்கும்போது முழங்கால் ஆழம் போலவே தெரியும். இரண்டடி எடுத்து வைப்பதற்குள் ஆள் மூழ்கும் ஆழத்துக்குச் சரிந்துவிடும். அந்தச் சரிவில் மணலும் காலோடு சேர்ந்து நழுவுவதால் திரும்பி ஏறவும் முடியாது. தண்ணீர் திறக்கும் தேதியையும் நம்பிக்கொண்டிருக்க முடியாது. 2022ஆம் ஆண்டில் மேட்டூர் அணை மே 24ஆம் தேதியே திறக்கப்பட்டது; பள்ளிகள் திறப்பதற்கு முன்பே, விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் ஊரில் இருக்கும்போதே, ஆற்றில் புதுத் தண்ணீர் வந்துவிட்டது. இவை போதாதென்று ஊர்க் குளங்கள், கோயில் தெப்பக்குளங்கள், மோட்டார் கொட்டகைத் தொட்டிகள், தரங்கம்பாடி முதல் வேளாங்கண்ணி வரையிலான கடற்கரைகள் என்று விடுமுறைப் பிள்ளைகளைத் தண்ணீர் நாலா பக்கமும் அழைத்துக்கொண்டே இருக்கிறது.

ஜாக்கெட்டுக்கு வருகிறேன். கெட்டியான நுரைப் பலகைகளை உள்ளே வைத்துத் தைத்த, ஆரஞ்சு நிற நைலான் துணி. முன்பக்கம் ஒரு ஜிப்பும், அதன் மேல் இரண்டு கொக்கிப் பட்டைகளும் இருக்கின்றன. கழுத்துக்குப் பின்னால் தலையைத் தாங்கும் தடித்த காலர் ஒன்று உண்டு. தோள்பட்டைக்கு அருகில் கயிற்றில் கோத்த ஊதல் தொங்குகிறது. இவற்றையெல்லாம் விட நான் முக்கியமாகக் கருதுவது, பின்பக்கத்திலிருந்து கால்களுக்கு இடையே வந்து முன்னால் மாட்டும் பட்டை. கடையில் இது இல்லாத ஜாக்கெட்டுகள் நூறு, இருநூறு ரூபாய் குறைவாகக் கிடைத்தன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் சிறு பிள்ளைகளுக்கு இடுப்பும் மார்பும் ஏறக்குறைய ஒரே சுற்றளவில் இருப்பதால், தண்ணீரில் இறங்கியதும் ஜாக்கெட் மேலே மிதக்க, பிள்ளை அதற்குள்ளிருந்து கீழே நழுவிவிடும். மோவாய் வரை ஏறிய ஜாக்கெட் முகத்தை மறைக்கும். சில சமயம் முழுவதுமாகக் கழன்றும் போகும். காலிடைப் பட்டை ஒன்றுதான் அதைத் தடுக்கிறது. எனவே அந்தப் பட்டை இல்லாத ஜாக்கெட்டைச் சிறு பிள்ளைகளுக்கு எந்த விலையிலும் வாங்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

அளவு சரியாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். எல்லாப் பட்டைகளையும் மாட்டிய பிறகு, ஜாக்கெட்டின் இரு தோள்களையும் பிடித்துப் பிள்ளையை மெல்லத் தூக்க வேண்டும். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது பெரிய அளவு. எங்கள் பையனுக்கு அடுத்த வருடமும் ஆகட்டும் என்று ஓர் அளவு பெரிதாக எடுத்துக்கொள்ளும்படி கடைக்காரர் சொன்னார். பள்ளிச் சீருடைக்கு அந்தக் கணக்கு பொருந்தும், இதற்குப் பொருந்தாது. தூக்கிப் பார்த்தபோது பெரிய அளவு மூக்குவரை ஏறியது, சிறியதையே எடுத்தோம். ஜாக்கெட்டின் உள்பக்கம் விவரங்கள் அச்சிட்ட வில்லையில் (லேபிளில்) வயதைவிட எடையைத்தான் பார்க்க வேண்டும். அதே வில்லையில் 50, 100, 150 என்று மிதவைத் தரமும் அச்சிட்டிருப்பார்கள். 50 என்பது நீந்தத் தெரிந்தவர்களுக்குத் துணையாக இருப்பது மட்டுமே. நினைவிழந்து குப்புற விழுந்தவரை மல்லாக்கத் திருப்பும் வேலையை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. நீந்தத் தெரியாத பிள்ளைகளுக்கு 100 அல்லது அதற்கு மேற்பட்ட தரமே பொருத்தம். நிறத்திலும் கவனம் வேண்டும். பெண் நீல நிறம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தாள். கலங்கலான குளத்தில் நீலமும் பச்சையும் சட்டென்று கண்ணில் படாது என்பதை எடுத்துச் சொல்லி, ஆரஞ்சுக்கு அவளைச் சம்மதிக்க வைத்தோம்.

முதலில் மோட்டார் கொட்டகைத் தொட்டியில் பழக்கிவிட்டு, பிறகு ஊர்க் குளத்தில் படிக்கட்டு ஓரமாகப் பெரியவர்கள் இருவர் இறங்கி நின்று பயன்படுத்தினோம். ஜாக்கெட் பிள்ளைகளை நன்றாகத் தாங்கியது. பையன் கைகால்களை உதறாமல் சும்மா கிடந்தபோது, காலரில் தலை சாய்ந்து, வாய் தண்ணீருக்கு மேலே தெளிவாக நின்றது. குறைகளும் உண்டு. வெயிலில் போட்டுக்கொண்டு கரையில் நின்றால் வேர்த்துக் கொட்டுகிறது. கை வெட்டின் ஓரத் தையல் முரடாக இருப்பதால் அக்குளில் சிவந்துவிட்டது. உள்ளே ஒரு பருத்தி பனியன் போட்ட பிறகு அந்தத் தொல்லை இல்லை. நனைந்த பட்டைகள் சிறிது நேரத்தில் தளர்ந்துவிடுவதால், பிள்ளை தண்ணீரை விட்டு ஏறும் ஒவ்வொரு முறையும் இழுத்து இறுக்க வேண்டியிருக்கிறது. கொள்ளிடத்து மணலில் விளையாடிவிட்டு வந்த அன்று, பொடி மணல் கொக்கியின் பல்லுக்குள் புகுந்துகொண்டதால், மாட்டியது போலவே தெரிந்த கொக்கி உண்மையில் முழுதாகப் பூட்டிக்கொள்ளவில்லை. இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. நல்ல தண்ணீரில் கொக்கியை அலசி, ‘டக்’ என்ற ஓசை கேட்கும்படி மாட்டி, ஒரு முறை இழுத்துப் பார்த்த பிறகே பிள்ளைகளை இறங்கவிடுவது என்று அன்றிலிருந்து வழக்கப்படுத்திக்கொண்டோம். ஜிப்பும் மணலுக்குச் சரிப்படவில்லை. தயாரிப்பாளர்கள் அதை விட்டுவிட்டு மூன்றாவதாக ஒரு பட்டை வைத்திருக்கலாம்.

இதோடு ஒப்பிட, உறவினர் ஒருவர் இணையத்தில் வாங்கிக்கொண்டு வந்த காற்றடைக்கும் கைப்பட்டைகளும் வீட்டில் இருந்தன. அட்டையில் சிரிக்கும் மீன் படமும், பாதுகாப்பானது என்ற வாசகமும் இருந்தன. ஒன்றின் மூடி சரியாகப் பொருந்தாமல், தொட்டியில் போட்ட சிறிது நேரத்திலேயே காற்று இறங்கித் தொளதொளத்துவிட்டது. காற்று நிற்கும் நல்ல கைப்பட்டையாக இருந்தாலும் அது விளையாட்டுப் பொருள்தான்; ஈரக் கையிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும், முகத்தை மேலே நிறுத்தும் ஏற்பாடும் அதில் கிடையாது. எங்கள் தலைமுறை இரண்டு நெற்றுத் தேங்காய்களைச் சேர்த்துக் கட்டி அதன் மேல் படுத்தும், சுரைக்குடுக்கையை முதுகில் கட்டியும், லாரி டியூபைப் பிடித்துக்கொண்டும் நீச்சல் பழகியது. அவை நீச்சல் பழகுவதற்கு உதவியவை. எட்டிப் பிடிக்கும் தூரத்தில் அப்பாவோ மாமாவோ நின்றதுதான் எங்களைக் காப்பாற்றியது. இப்போது விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்கு அந்த ஆள் அமைவதில்லை. வீட்டில் விசேஷம் நடக்கும் நாளில் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். தண்ணீரில் மூழ்கும் பிள்ளை கத்துவதும் கையாட்டுவதும் அபூர்வம். மூச்சுக்கே போராடும் வாயில் குரல் எழும்பாது. ஒரு நிமிடத்துக்குள் சத்தமின்றி அடங்கிவிடும். ஜாக்கெட் போட்டிருந்தாலும் பிள்ளைகளைப் பார்க்கும் பொறுப்பை ஒருவர் பெயர் சொல்லி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றும், அவர் கையில் கைபேசியோ மதுவோ இருக்கக் கூடாது என்றும் எங்கள் வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டோம்.

ஓடும் தண்ணீரில் இந்த ஜாக்கெட்டின் எல்லை தெரிந்துவிடும். கல்லணையிலும், அதற்குக் கீழே வாய்க்கால்கள் பிரியும் தலைப்புகளிலும், ஷட்டருக்கு அடியில் விழும் தண்ணீர் திரும்பித் திரும்பிச் சுழன்று ஆளை உள்ளே இழுக்கும். நுரை நிறைந்த அந்த நீரில் மிதவைப் பொருளும் சரியாக மிதக்காது. மதகுக் கண்ணுக்கு மேல்பக்கம் இன்னும் மோசம். ஜாக்கெட்டோடு சேர்த்து ஆளைக் கண்ணில் அழுத்திவிடும். தஞ்சாவூர் வழியே செல்லும் புது ஆற்றின் கான்கிரீட் கரை சரிவாகவும் வழுக்கலாகவும் இருப்பதால், மிதந்துகொண்டிருப்பவராலும் கரையேற முடியாது. இந்த இடங்களில் எந்த ஜாக்கெட்டும் போதாது. பிள்ளைகளை இறக்கவே கூடாது. ஆற்றின் போக்குத் தெரியாத வெளியூர்க்காரர்களுக்கு ஆபத்து அதிகம் என்பதற்கு, 2022 அக்டோபரில் பூண்டி மாதா கோயிலுக்கு வந்த தூத்துக்குடிப் பக்கத்து யாத்ரீகர்கள் ஆறு பேரைக் கொள்ளிடம் கொண்டுபோனதே சாட்சி. அவர்களும் குளிக்கத்தான் இறங்கினார்கள்.

ஜாக்கெட் வாங்கும்போதே இருபது மீட்டர் நைலான் கயிறு ஒன்றும் வாங்குங்கள். மூடி இறுகப் பூட்டிய ஒரு காலி பிளாஸ்டிக் கேனை அதன் நுனியில் கட்டிப் படித்துறையில் வைத்துவிட்டால், யாராவது தத்தளிக்கும்போது வீசிப் பிடிக்கச் சொல்லலாம். காப்பாற்றப் பாய்ந்தவரும் சேர்ந்து போவதுதான் நம் ஊர்களில் திரும்பத் திரும்ப நடக்கிறது. சேலையோ மரக்கிளையோ நீட்டலாம், கயிறு வீசலாம், பழக்கமில்லாதவர் குதிக்கக் கூடாது. கரைக்குக் கொண்டுவந்த பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் வேண்டாம். அதனால் நேரம் வீணாவதோடு, வயிற்றிலிருப்பது மூச்சுக்குழலுக்குள் போகவும் கூடும். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்துக் காற்று ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் 30 முறை அழுத்தி 2 முறை ஊதுவது என்ற கணக்கில், 108 ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல் செய்ய வேண்டும். பிள்ளை எழுந்து உட்கார்ந்து பேசினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட வேண்டும்; நுரையீரலில் போன தண்ணீரின் விளைவு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம்.

பராமரிப்புக்குப் பெரிய வேலையில்லை. நல்ல தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிட்டால் போதும். மொட்டை மாடி வெயிலில் கிடந்தால் துணி இற்றுப்போகும். அதை மடித்து உட்காரும் மெத்தையாக்கினால் நுரை நசுங்கி மிதக்கும் திறன் குறையும். தையல் விட்டாலோ, கொக்கி உடைந்தாலோ, நுரை நசுங்கியபடியே நின்றாலோ அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். பையனின் ஜாக்கெட் வில்லையில் உள்ள எடை வரம்பை அவன் அடுத்த கோடைக்குள் தாண்டிவிடக்கூடும். பிள்ளைகள் அடுத்த முறை ஊருக்கு வந்ததும் இருவரின் எடையையும் பார்த்து, தோளைப் பிடித்துத் தூக்கியும் பார்த்துவிட்டு, பொருந்தவில்லையென்றால் பக்கத்து வீட்டுச் சின்னவனுக்கு அதைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கப் போகிறோம்.